டெர்மினல் தலைப்பு பொய் சொல்லாமல் இருக்க

எட்டுப் பத்து டேப் திறந்து வைத்து வேலை பார்க்கும்போது எல்லாவற்றின் மேலும் "பாஷ்" என்றே இருந்தால் எரிச்சல்தான் வரும், ஆபத்து இல்லை. ஆபத்தான டேப் வேறு. சர்வரிலிருந்து வெளியே வந்து வெகுநேரம் ஆன பிறகும் அந்த சர்வரின் பெயரையே தாங்கி நிற்கும் டேப் அது. தலைப்பு இல்லாத ஜன்னலில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஹோஸ்ட்நேம் அடித்துப் பார்ப்போம். தலைப்பு இருந்தால் நம்பிவிடுவோம், அது எப்போது எழுதப்பட்டது என்று யோசிக்க மாட்டோம்.

அதனால் தலைப்பு வைக்க உட்காரும்போதே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: இந்த ஜன்னலின் தலைப்புக்கு யார் சொந்தக்காரர்? டெர்மினலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கடைசியாக எழுதியவர் எழுதியதை அது காட்டும், அவ்வளவுதான். ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்), எடிட்டர், டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் நிரல்), ஸ்கிரிப்ட் என்று நாலு பேர் எழுதினால் நாலில் ஒன்று மிஞ்சும். பொறுப்பை ப்ராம்ப்டிடம், அதாவது அடுத்த கட்டளைக்காக ஷெல் காட்டும் வரியிடம், கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் வருகிற ஒரே ஆள் அதுதான்.

கீழே கட்டளைகளையும் மாறிகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். குறிகளும் எண்களும் உள்ளது உள்ளபடியே.

அந்த எழுத்துவரிசை

திரைக்கு எழுத்து போகும் அதே வழியில்தான் தலைப்பும் போகிறது:

\033]0;தலைப்பு\007

\033 என்பது எஸ்கேப் எழுத்தின் எண்ம எண், தசமத்தில் 27. அதையடுத்து ஒரு வலது சதுர அடைப்பு. இந்த இரண்டும் சேர்ந்தால் "இனி வருவது திரையில் எழுத அல்ல, உனக்கான உத்தரவு" என்று டெர்மினல் எடுத்துக்கொள்ளும். பிறகு வரும் 0, ஜன்னல் தலைப்பு, ஐகான் பெயர் இரண்டையும் மாற்றும். 1 போட்டால் ஐகான் பெயர் மட்டும், 2 போட்டால் ஜன்னல் தலைப்பு மட்டும். ஐகான் பெயர் என்பது பழைய எக்ஸ் ஜன்னல் காலத்துச் சமாச்சாரம். ஆனால் ஐடெர்ம்2-வில் 1 டேப்புக்கும் 2 ஜன்னலுக்கும் போவதால் அங்கே இந்த வித்தியாசம் இன்றும் உதவுகிறது. மற்ற இடங்களில் 0 போதும்.

முடிவுக் குறி \007, அதாவது மணி எழுத்து. ஈசிஎம்ஏ-48 தரப்படி முடிவுக் குறி எஸ்கேப்பும் அதையடுத்து ஒரு பின்சாய்கோடும். மணியில் முடிக்கும் வழக்கம் எக்ஸ்டெர்மிலிருந்து வந்தது, கிட்டத்தட்ட எல்லா டெர்மினலும் அதை ஏற்றுக்கொள்கின்றன. முடிவுக் குறியை மறந்தால் அதன் பிறகு வரும் வெளியீட்டையும் தலைப்பு என்றே எண்ணி டெர்மினல் விழுங்கும், அடுத்த மணியோ எஸ்கேப்போ வரும்வரை. நிறமில்லாத எளிய ப்ராம்ப்டில் இப்படி ஆனால் திரை உறைந்தது போல இருக்கும். உறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிரின்ட்எஃப் '\007' அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

கட்டளை இது:

பிரின்ட்எஃப் '\033]0;%எஸ்\007' "காப்பு வேலை"

எக்கோ வேண்டாம். பாஷின் எக்கோ -இ கொடுத்தால்தான் பின்சாய்கோட்டைப் பிரித்துப் படிக்கும். டேஷ் என்ற இன்னொரு ஷெல்லின் எக்கோ கேட்காமலே படிக்கும், -இ கொடுத்தால் அதையும் சேர்த்து அச்சிடும். டெபியன், உபுண்டு இரண்டிலும் /பின்/எஸ்ஹெச் என்பது டேஷ் என்பதால், டெர்மினலில் கையால் அடித்தபோது ஒழுங்காக ஓடிய வரி ஸ்கிரிப்டில் போட்டதும் சொதப்புவது இதனால்தான். எக்கோ கூடுதலாக ஒரு வரி முறிவையும் விட்டுவிட்டுப் போகும். தலைப்பைத் தனியாக %எஸ்-க்குக் கொடுப்பதும் முக்கியம். வடிவச் சரத்துக்குள்ளேயே தலைப்பை ஒட்டிவிட்டால் "50% முடிந்தது" என்று வரும் நாளில் அந்தச் சதவீதக் குறியை பிரின்ட்எஃப் தன் உத்தரவாக எடுத்துக்கொள்ளும்.

இதை அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆகியிருக்கும். அடுத்த கணமே ப்ராம்ப்ட் வந்து அழித்திருக்கும். சோதிக்க ஒரு வழி: அதே வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டு ஸ்லீப் 5 சேருங்கள். ஐந்து விநாடி உங்கள் தலைப்பு தெரிந்து, பிறகு பழையது திரும்பினால் டெர்மினல் சரியாக இருக்கிறது, மேலே எழுதுவது ஷெல். ஐந்து விநாடியும் எதுவும் மாறாவிட்டால் டெர்மினல் அமைப்பில்தான் தடை. இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

உபுண்டு, டெபியனில் ஒரு சாதாரணப் பயனர் கணக்கின் .பாஷ்ஆர்சி-யை (பாஷ் தொடங்கும்போது படிக்கும் கோப்பு) திறந்தால், டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியைப் பார்க்கும் ஒரு கேஸ் துண்டு இருக்கும். மதிப்பு எக்ஸ்டெர்ம் அல்லது ஆர்எக்ஸ்விடி என்று தொடங்கினால் பயனர், ஹோஸ்ட், அடைவு மூன்றையும் தலைப்பாக்கும் வரிசையை, ப்ராம்ப்டின் வடிவத்தைச் சொல்லும் பிஎஸ்1 மாறியின் முன்னால் ஒட்டிவிடும். ஃபெடோராவில் அதே வேலையை /இடிசி/பாஷ்ஆர்சி, ப்ராம்ப்ட்_கமாண்ட் மாறி வழியாகச் செய்கிறது. புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் உங்கள் கணினியில் எது நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பதை எடுக்காமல் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

பிஎஸ்1-க்குள் வைப்பதா, வெளியே வைப்பதா

பிஎஸ்1-க்குள் வைத்தால் ஒரு விதியை மீறவே கூடாது: திரையில் தெரியாத எழுத்துகள் எல்லாம் \[ என்பதற்கும் \] என்பதற்கும் நடுவில் இருக்க வேண்டும்.

\[\033]0;\யூ@\ஹெச்: \டபிள்யூ\007\]

கட்டளை எழுதும் வரியைப் பார்த்துக்கொள்ளும் ரீட்லைன், ப்ராம்ப்ட் எத்தனை கட்டம் பிடிக்கிறது என்று எண்ணி வைத்திருக்கும். அடைப்பு இல்லாவிட்டால் தலைப்பில் உள்ள எழுத்துகளையும் சேர்த்து எண்ணிவிடும். அப்புறம் நீளமான கட்டளை அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே ஏறி எழுதும். மேல் அம்பு அழுத்திப் பழைய கட்டளைகளைப் புரட்டினால் முந்தையதன் வால் அழியாமல் நிற்கும். சின்னக் கட்டளைகளில் இது தெரியாது. எனவே ப்ராம்ப்டை மாற்றிய அன்றைக்கே ஜன்னல் அகலத்தைத் தாண்டும் ஒரு வரியை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பிஎஸ்1-க்குள் டாலர் அடைப்பு போட்டு ஒரு ஃபங்ஷனை அழைத்து, அந்த ஃபங்ஷன் \[ என்று அச்சிட்டால் அது வேலை செய்யாது. பின்சாய்கோட்டுக் குறிகளை முதலில் பிரித்த பிறகுதான் பாஷ் உள்ளே இருக்கும் கட்டளையை ஓட்டுகிறது. அந்த இடத்தில் \001, \002 என்ற இரண்டு எழுத்துகளை நேரடியாக அனுப்ப வேண்டும். ரீட்லைன் உண்மையில் தேடுவதும் அவற்றைத்தான்.

அடைவின் பெயர் தலைப்பில் மாறாமல் அப்படியே நிற்கிறது என்றால் மேற்கோளைப் பாருங்கள். பிஎஸ்1-ஐ இரட்டை மேற்கோளில் எழுதி உள்ளே பிடபிள்யூடி மாறியைப் போட்டால், ஒதுக்கீடு நடந்த நொடியில் இருந்த அடைவு அதில் உறைந்துவிடும். ஒற்றை மேற்கோள் போட்டால் ஒவ்வொரு ப்ராம்ப்டிலும் புதிதாக விரியும்.

எங்கள் தேர்வு ப்ராம்ப்ட்_கமாண்ட்தான். ப்ராம்ப்ட் வருவதற்குச் சற்று முன்பு ஓடும் கட்டளை அது. அதில் பிரின்ட்எஃப் செய்தால் ரீட்லைன் கணக்கு குழம்பாது, அடைப்புகளும் தேவையில்லை. போட்டால் அவை அப்படியே எழுத்தாக வந்து நிற்கும். தலைப்பைத் தொகுக்க முழு ஷெல் மொழியும் கையில் இருக்கிறது. ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். முதல் வரியில் $? மதிப்பை ஒரு மாறியில் எடுத்து வையுங்கள், முந்தைய கட்டளை தோற்றதா என்று காட்ட நினைத்தால் அடுத்த வரியில் அது கிடைக்காது. பிறகு அடைவின் கடைசி ஒன்றிரண்டு பகுதிகள், ஹோஸ்ட் பெயரின் முதல் புள்ளி வரையிலான பகுதி. பிறகு கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்குதல். கடைசியில் பிரின்ட்எஃப்.

வெட்டுவதையெல்லாம் ஷெல்லின் உள்வசதியிலேயே செய்யுங்கள். பேஸ்நேம், செட், ஆக் என்று ஒவ்வொன்றாக அழைத்தால் ஒவ்வொரு என்டருக்கும் புதுப் புதுப் புராசஸ் பிறக்கும். கிட் கிளையின் பெயரைத் தலைப்பில் காட்டும் ஆசை பலருக்கு உண்டு. நெட்வொர்க் வழியாக மவுண்ட் செய்த பெரிய களஞ்சியத்தில் நின்றுகொண்டு வெறும் என்டர் தட்டிப் பாருங்கள், ஆசை போய்விடும்.

ஏற்கெனவே அந்த மாறியில் வேறு ஏதோ இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். டிக்ளேர் -பி போட்டுப் பார்த்துவிட்டு, மேலே எழுதாமல் பின்னால் சேருங்கள். வழக்கமாக எல்லோரும் நடுவில் அரைப்புள்ளி போட்டு ஒட்டுவார்கள். பழைய மதிப்பு காலியாக இருந்தால் சரம் அரைப்புள்ளியில் தொடங்கும், பழைய மதிப்பே அரைப்புள்ளியில் முடிந்திருந்தால் இரண்டு அரைப்புள்ளி அடுத்தடுத்து வரும். இரண்டுமே இலக்கணப் பிழை, ஒவ்வொரு என்டருக்கும் பிழைச் செய்தி வந்துகொண்டே இருக்கும். அரைப்புள்ளிக்குப் பதில் ஒரு வரி முறிவைப் போட்டு ஒட்டினால் இரண்டு தொல்லையும் இல்லை. பாஷ் 5.1 முதல் இந்த மாறி அணியாகவும் இருக்கலாம், அங்கே ஓர் உறுப்பாகச் சேர்த்துவிடலாம். .பாஷ்ஆர்சி-யை மறுபடி சோர்ஸ் செய்யும்போது அதே ஃபங்ஷன் இரண்டாம் முறை சேராமல் இருக்க ஒரு சோதனை வையுங்கள்.

கையால் பெயர் வைக்க வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். "லாக் பார்க்கும் ஜன்னல்", "மைக்ரேஷன்" என்றெல்லாம். அதற்கு நேராக டெர்மினலுக்கு எழுதாமல், பெயரை ஒரு மாறியில் போட்டு வைக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். ப்ராம்ப்ட் ஃபங்ஷன் அந்த மாறி காலியாக இல்லாவிட்டால் அதை முன்னால் வைத்து, பின்னால் ஹோஸ்டையும் அடைவையும் சேர்த்துக்கொள்ளும். சொந்தக்காரர் ஒருவராகவே இருப்பார், நீங்கள் வைத்த பெயரும் அழியாது. முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. டேப் குறுகும்போது பெரும்பாலான டெர்மினல்கள் வலது பக்கத்தைத்தான் வெட்டும். எல்லா டேப்பிலும் பொதுவாக இருக்கும் பயனர் பெயரை முதலில் வைத்தால் பத்து டேப்பிலும் அதுவே தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையைக் காட்டுவது

ப்ராம்ப்ட் வராத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதும் தலைப்பில் தெரிந்தால் நல்லது. இது வெறும் அலங்காரமில்லை. ரூட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகள் தலைப்பை மாற்றவே மாற்றாது. அதற்குள் எஸ்எஸ்ஹெச் போட்டு உட்கார்ந்திருக்கும்போது தலைப்பு உங்கள் சொந்தக் கணினியின் பெயரையே காட்டும். கட்டளை தொடங்கும்போதே "எஸ்எஸ்ஹெச் ரூட்டர்" என்று எழுதிவிட்டால் அந்த ஓட்டை அடைபடும்.

இசட்எஸ்ஹெச் என்ற ஷெல்லில் இது எளிது. ப்ரீஎக்ஸெக் என்ற ஹுக் கட்டளை ஓடுவதற்கு முன்பும், ப்ரீசிஎம்டி ப்ராம்ப்டுக்கு முன்பும் அழைக்கப்படும். ப்ரீஎக்ஸெக்கின் முதல் ஆர்குமென்ட் நீங்கள் தட்டிய வரி. நேராக அந்தப் பெயர்களில் ஃபங்ஷன் எழுதாமல் ஆட்-இசட்எஸ்ஹெச்-ஹுக் வழியாகச் சேருங்கள், மற்ற பிளகின்களின் ஹுக்குகள் பிழைத்திருக்கும். பிரின்ட் -பி (பெரிய எழுத்து) என்ற வசதியில் மட்டும் கவனம் தேவை. அடைவு, ஹோஸ்ட் காட்ட அது வசதிதான். ஆனால் பயனர் தட்டிய வரியை அதனிடம் கொடுத்தால் அதிலுள்ள சதவீதக் குறிகளை விரிக்கப் பார்க்கும். ப்ராம்ப்ட்_சப்ஸ்ட் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் வரிக்குள் இருக்கும் டாலர் அடைப்புக் கட்டளையையே தலைப்புக்காக ஒருமுறை ஓட்டிவிடும். கட்டளை இரண்டு முறை ஓடும் என்பதுதான் இதன் பொருள். வரியைக் காட்ட எப்போதும் பிரின்ட்எஃப், %எஸ். ஓ-மை-இசட்எஸ்ஹெச் என்ற தயார் அமைப்புத் தொகுப்பை வைத்திருப்பவர்கள் டிஸேபிள்_ஆட்டோ_டைட்டில் மாறியை ட்ரூ ஆக்காதவரை அவர்களின் தலைப்பு நிலைக்காது.

ஃபிஷ் ஷெல்லில் ஃபிஷ்_டைட்டில் என்ற ஃபங்ஷன் எழுதி, காட்ட வேண்டியதை வெறும் எக்கோ செய்தால் போதும். எஸ்கேப் வரிசையை ஷெல்லே பார்த்துக்கொள்ளும். ஓடும் கட்டளை முதல் ஆர்குமென்டாக வரும்.

பாஷில்தான் சுற்று வழி. பழைய வழி டீபக் ட்ராப். அது ஒவ்வொரு எளிய கட்டளைக்கும் முன்பு ஓடும். பைப்பில் மூன்று கட்டளை இருந்தால் மூன்று முறை, ப்ராம்ப்ட்_கமாண்டில் இருப்பதற்கும் ஒரு முறை. விளைவாக ப்ராம்ப்ட் வந்து நிற்கும்போது தலைப்பில் உங்கள் தலைப்பு ஃபங்ஷனின் பெயரே நிற்கும், அதைத் தனியாக வடிகட்ட வேண்டும். பாஷ் 4.4-இல் வந்த பிஎஸ்0 இதைவிட நல்லது. வரியைப் படித்து முடித்து, ஓட்டுவதற்கு முன் ஒரே ஒருமுறை விரியும். அதற்குள் ஹிஸ்டரி 1 அழைத்து, முன்னால் வரும் எண்ணை வெட்டிவிட்டால் தட்டிய வரி கிடைக்கும். இடைவெளியில் தொடங்கும் வரிகளை ஹிஸ்டரியில் சேர்க்காதபடி அமைத்திருந்தால் அந்த வரிக்குப் பதில் முந்தைய வரியே வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

முழு வரியையும் காட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கட்டளை வரியில் கடவுச்சொல்லோ டோக்கனோ கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரையைப் பகிர்ந்துகொண்டு கூட்டத்தில் இருக்கும்போது அது டேப்பின் நெற்றியில் மின்னும். முதல் சொல் போதும், சூடோ அல்லது எஸ்எஸ்ஹெச் என்றால் அடுத்த சொல்லும்.

459092027

எஸ்எஸ்ஹெச் வழியே கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி இணைப்பு "செய்தி மிக நீளம்" என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும், கூடவே 459092027 என்ற எண். கடவுச்சொல் சரி, எஸ்எஸ்ஹெச் தாராளமாக உள்ளே விடுகிறது, கோப்பு மட்டும் போகாது. இந்த எண்ணைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். சர்வரில் யாரோ .பாஷ்ஆர்சி-க்குள் தலைப்பு வரிசையை நேரடியாக பிரின்ட்எஃப் செய்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். எஸ்எஃப்டிபி நெறிமுறையில் ஒவ்வொரு செய்தியும் தன் நீளத்தைச் சொல்லும் 4 பைட்டுடன் தொடங்கும். அந்த இடத்தில் தலைப்பு வரிசையின் முதல் நாலு எழுத்துகள் வந்துவிட்டன: எஸ்கேப், ], 0, அரைப்புள்ளி. அவற்றின் மதிப்புகள் 27, 93, 48, 59. 27×16777216 + 93×65536 + 48×256 + 59 என்று கூட்டினால் 459092027. நாற்பத்தைந்து கோடிக்கு மேல் பைட் நீளமான செய்தி வருகிறது என்று எண்ணி கிளையன்ட் ஓடிவிடுகிறது. வரிசையில் 0-க்குப் பதில் 2 இருந்தால் எண் 459092539 ஆக இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0 முதல் எஸ்சிபி கட்டளையும் உள்ளே எஸ்எஃப்டிபி-யைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் அங்கேயும் இதே செய்தி வரும்.

பயனர் எதிரே உட்காராத இணைப்புகளிலும், எஸ்எஸ்ஹெச் வழி தொடங்கும் பாஷ் .பாஷ்ஆர்சி-யைப் படிப்பதால் வருவது இது. பிஎஸ்1, ப்ராம்ப்ட்_கமாண்ட் இரண்டும் அந்த நேரத்தில் ஓடாது, எனவே அவற்றால் இந்தத் தொல்லை வராது. "உள்ளே நுழையும்போது ஒருமுறை எழுதினால் போதுமே" என்று நேரடியாக எழுதிய வரிதான் குற்றவாளி. அந்தக் கோப்பின் தலையிலேயே $- மதிப்பில் ஐ எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ரிட்டர்ன் செய்துவிட வேண்டும்.

டெர்ம் மாறியையும் பார்க்க வேண்டும். டம் (கடைசியில் ஒலிக்காத பி உண்டு) என்றால் எதுவும் அனுப்பாதீர்கள், ஈமாக்ஸ் எடிட்டரின் ஷெல் பஃபரில் வரிசை குப்பையாகச் சிதறும். லினக்ஸ் என்றால் அது கருப்புத் திரை கன்சோல், தலைப்புப் பட்டையே கிடையாது. டிபுட் கட்டளையிடம் கேட்டு முடிவு செய்யலாமே என்றால், அது பார்க்கும் டெர்மின்ஃபோ என்ற டெர்மினல் திறன் பட்டியலில், எக்ஸ்டெர்முக்கான பதிவில், தலைப்புக்கான டிஎஸ்எல் என்ற குறிப்பு பொதுவாக இருப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் கேஸ் துண்டில் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார்கள்.

டிமக்ஸுக்குள்

உபுண்டுவில் நன்றாக வந்த தலைப்பு டிமக்ஸுக்குள் போனதும் நின்றுபோகும். டிமக்ஸுக்குள் டெர்ம் மதிப்பு ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் என்று தொடங்குவதால் அந்தக் கேஸ் துண்டு பொருந்துவதில்லை. அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

சேர்த்தாலும் தலைப்பு வெளியே வராமல் போகலாம். டிமக்ஸ் அந்த வரிசையை வாங்கி, பேன் எனப்படும் பிரிந்த பகுதியின் தலைப்பாக வைத்துக்கொள்ளும். வெளி ஜன்னலுக்கு அனுப்ப செட்-டைட்டில்ஸ் ஆன் என்று அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும், என்ன அனுப்ப வேண்டும் என்பதை செட்-டைட்டில்ஸ்-ஸ்ட்ரிங்கில் சொல்லலாம். கீழே பட்டையில் தெரியும் விண்டோ பெயர் வேறு சங்கதி. ஓடும் நிரலின் பெயரை ஆட்டோமேட்டிக்-ரீநேம் அங்கே எழுதும், நீங்கள் கையால் பெயர் மாற்றினால் அந்த விண்டோவுக்கு மட்டும் அது நின்றுவிடும். ஷெல்லிலிருந்தே விண்டோ பெயரை மாற்ற எஸ்கேப், சின்ன கே, பெயர், எஸ்கேப், பின்சாய்கோடு என்ற ஸ்கிரீன் காலத்து வரிசை இருக்கிறது, அலவ்-ரீநேம் ஆன் செய்திருந்தால் டிமக்ஸும் ஏற்கும். டிமக்ஸுக்கு வெளியே அதை அனுப்பினால் பல டெர்மினல்களுக்கு அது புரியாது, பெயர் திரையிலேயே கொட்டிவிடும்.

ஸ்கிரிப்டிலிருந்து எழுதும்போது

நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்டின் முன்னேற்றத்தைத் தலைப்பில் காட்டுவது நல்ல பழக்கம். வேறு டேப்பில் இருந்துகொண்டே "37%" என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்டின் வழக்கமான வெளியீட்டில் அதை எழுதினால், யாராவது வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும்போது எஸ்கேப் வரிசைகளும் கோப்புக்குள் போய் உட்காரும். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று பார்க்கும் -டி 1 சோதனை வைத்தால் அது தடுக்கப்படும், ஆனால் டீ கட்டளைக்குப் பைப் செய்தவருக்குத் தலைப்பே வராது. /டெவ்/டிடிஒய்-க்கு எழுதுவது இரண்டுக்கும் பொருந்தும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரான் வழி ஓடும்போது அப்படி ஒரு முனையமே இருக்காது, திறக்கும்போதே பிழை வரும். அந்தப் பிழையை மறைக்க பிரின்ட்எஃப், திசைமாற்றம் இரண்டையும் சுருள் அடைப்புக்குள் வைத்து, அடைப்புக்கு வெளியே பிழை வெளியீட்டை /டெவ்/நல்-க்குத் திருப்புங்கள். உள்ளேயே திருப்பும்போது வரிசை மாறிவிட்டால் பிழை தப்பித்து வெளியே வரும்.

முடிந்ததும் பழைய தலைப்பை மீட்பது எப்படி என்று கேட்பார்கள். எக்ஸ்டெர்மில் தலைப்பை அடுக்கில் சேமித்து மீட்கும் வரிசைகள் உண்டு. \033[22;2 என்பதோடு சின்ன டி (ஆங்கிலத்தில் டெர்மினல் என்பதன் முதல் எழுத்து) சேர்த்தால் சேமிக்கும், 22-க்குப் பதில் 23 போட்டால் மீட்கும். எல்லா டெர்மினலிலும் இது கிடையாது. தற்போதைய தலைப்பு என்ன என்று டெர்மினலிடமே கேட்கும் வரிசையும் உண்டு, அதை நம்பி எதையும் கட்டாதீர்கள். பதில் நீங்கள் விசைப்பலகையில் தட்டியது போல உள்ளீட்டில் வந்து விழும் என்பதால், வேண்டுமென்றே ஒரு கட்டளையைத் தலைப்பாக வைத்து ஏமாற்ற முடியும். பெரும்பாலான டெர்மினல்கள் அதை மூடியே வைத்திருக்கின்றன. ப்ராம்ப்ட் பொறுப்பில் தலைப்பு இருந்தால் மீட்கும் கவலையே இல்லை, ஸ்கிரிப்ட் எப்படிச் செத்தாலும் அடுத்த ப்ராம்ப்ட் சரிசெய்துவிடும்.

விம் எடிட்டரும் இப்படித்தான். டைட்டில் அமைப்பு இயங்கும்போது கோப்பின் பெயரைத் தலைப்பாக்கும். வெளியேறும்போது பழையது என்னவென்று அதற்குத் தெரியாவிட்டால் தன் நன்றி வாசகம் ஒன்றை விட்டுச் செல்லும். அந்த வாசகம் உங்கள் ஜன்னலில் நிலைத்து நின்றால், ப்ராம்ப்ட் தலைப்பை எழுதவில்லை என்று அர்த்தம். டெபியனில் ரூட் ஷெல்லுக்குள் போனாலும் இதே கதை. ரூட்டின் .பாஷ்ஆர்சி-யில் தலைப்பு வரி இல்லாததால், சாதாரணப் பயனரின் பெயரே மேலே நிற்க, நீங்கள் ரூட்டாக வேலை செய்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கோப்பிலும் அதே ஃபங்ஷனைச் சேருங்கள், முன்னால் ஓர் ஆச்சரியக்குறியுடன்.

பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட் தலைப்பைத் தொடக் கூடாது. முன்னால் நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்க, அது பின்னாலிருந்து எழுதிக்கொண்டே இருக்கும்.

ஜ-வில் அறுபடும் தலைப்பு

தமிழில் அடைவுப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு விசித்திரம் உண்டு. "ஜனவரி கணக்கு" என்ற அடைவுக்குள் போனால், யுடிஎஃப்-8 இயங்காத பழைய அமைப்பு டெர்மினலில் தலைப்பு தொடக்கத்திலேயே வெட்டுப்பட்டு, மிச்சம் குப்பையாகத் திரையில் சிந்தும். ஜ எழுத்து யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். தசமத்தில் 224, 174, 156. பைட் பைட்டாகப் படிக்கும் டெர்மினலுக்கு 156 என்பது சரம் முடிந்தது என்ற 8-பிட் கட்டுப்பாட்டுக் குறி. தமிழ் எழுத்துகளில் அந்த எண்ணில் முடிவது ஜ மட்டுமே. ஆனால் ஞ, ட போன்றவற்றின் கடைசி பைட்டுகளும் அதே 128 முதல் 159 வரையான கட்டுப்பாட்டு எல்லைக்குள்தான் விழுகின்றன. டெர்மினலை யுடிஎஃப்-8-க்கு மாற்றுவதுதான் தீர்வு.

தலைப்பைச் சுருக்கும்போதும் பைட்டைக் கவனிக்க வேண்டும். க்னூ கட் கட்டளையின் -சி, பெயருக்குத்தான் எழுத்து, பல பதிப்புகளில் நடைமுறையில் பைட்டையே எண்ணும், தமிழ் எழுத்தை நடுவில் பிளந்துவிடும். பாஷின் உள் வெட்டு, லொகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இருந்தால், குறியெண்களாக எண்ணும். அப்போதும் "கோ"வில் உயிர்மெய்க்குறி உதிரலாம், ஆனால் உடைந்த பைட் வராது. சி லொகேலில் அதுவும் பைட்டைத்தான் எண்ணும்.

கட்டுப்பாட்டு எழுத்து நீக்கலை முன்பே சொன்னேன். லினக்ஸில் அடைவின் பெயருக்குள் வரி முறிவு, எஸ்கேப் எதுவும் இருக்கலாம். யாரோ கொடுத்த ஜிப்பைப் பிரித்து உள்ளே நுழையும்போது, அந்தப் பெயர் அப்படியே உங்கள் டெர்மினலுக்கு உத்தரவாகப் போகக் கூடாது. பாஷில் மாறியை விரிக்கும்போதே சிஎன்டிஆர்எல் வகுப்பைக் காலியாக மாற்றிவிடலாம், தனிக் கட்டளை வேண்டாம்.

டெர்மினல் பக்கத்துத் தடைகள்

ஸ்லீப் 5 சோதனையில் எதுவுமே மாறாதவர்கள் இதைப் பாருங்கள். கன்சோலின், அதாவது கேடிஇ-யின் டெர்மினலின், டேப் தலைப்பு வடிவத்தில் %டபிள்யூ இல்லாவிட்டால் ஷெல் அனுப்புவது டேப்பில் தெரியாது. விண்டோஸ் டெர்மினலில் சப்ரெஸ்அப்ளிகேஷன்டைட்டில் ட்ரூ ஆக இருந்தால் எதை அனுப்பினாலும் ஏற்காது. புட்டியில், டெர்மினல் பிரிவின் ஃபீச்சர்ஸ் பக்கத்தில், தொலைவிலிருந்து தலைப்பை மாற்றுவதைத் தடுக்கும் ஒரு பெட்டி உண்டு. கிட்டியின் ஷெல் இணைப்பு தானே தலைப்பை எழுதும், உங்கள் ஃபங்ஷன் தோற்றுக்கொண்டே இருந்தால் ஷெல்_இன்டக்ரேஷனில் நோ-டைட்டில் சேருங்கள். விஎஸ் கோடின் உள் டெர்மினல் இயல்பாகப் புராசஸ் பெயரைத்தான் காட்டும். டேப்ஸ் டைட்டில் அமைப்பில் புராசஸ் என்பதை எடுத்துவிட்டு, டாலர், சுருள் அடைப்பு, அதற்குள் சீக்வென்ஸ் என்று போட்டால் நீங்கள் அனுப்பிய தலைப்பு அங்கே வரும்.